உறங்குபவருக்காக எழுதப்படும் ஏடு

வட்டி விகிதம், வைப்புத் திட்டங்கள், இணைய மோசடி குறித்த எச்சரிக்கை ஆகியவற்றையே இப்பக்கங்களில் எழுதிப் பழகிய நாங்கள், இம்முறை ஒரு பாய்மரப் படகைப் பற்றி எழுத முற்படுகிறோம். இதற்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு என வாசகர் கேட்பது நியாயமே. தொடர்பு உண்டு. எங்கள் கையாலேயே நேர்ந்த ஒரு தவற்றின் வழியாக அது எங்களுக்குப் புரிந்தது. அதை இறுதியில் கூறுவோம்.

கோவாவில் பணியாற்றிய ஆண்டுகளில், கிளையைப் பூட்டியபின் பணஜியின் ஆற்றங்கரைச் சாலையில் சிறிது தூரம் நடப்பது எங்கள் வழக்கம். மாண்டவி ஆற்றின் எதிர்க்கரையில் கடற்படையின் தளம் ஒன்று உண்டு. அப்பக்கத்தில் அவ்வப்போது உயர்ந்த பாய்மரத் தூண்கள் தென்படும். இந்தியக் கடற்படையின் உலகப் பயணப் படகுகள் சில கோவாவிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புகின்றன என்பதை நாங்கள் அறிந்ததும் அங்கேதான்.

அவற்றுள் ஒன்று ‘தாரிணி’. கோவாவிலேயே கட்டப்பட்டு, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட படகு. நீளம் 56 அடி. அதாவது ஒரு நகரப் பேருந்தின் நீளத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் இப்படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டு 2018 மே மாதம் திரும்பினர். பின்னர் 2024 அக்டோபர் 2ஆம் நாள் இருவர் மட்டுமே அதில் புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் கே. தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ஏ. ரூபா. ஃப்ரிமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைமுகங்களில் தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து, 2025 மே 29இல் கோவா திரும்பினர்.

இப்பயணத்தின் மிக நீண்ட தனிமை நியூசிலாந்துக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்கும் இடையில் கழிந்தது. 2025 ஜனவரி 4இல் லிட்டில்டனை விட்ட படகு, போர்ட் ஸ்டான்லியை அடைந்தபோது பிப்ரவரி 18. இடையில் ‘பாயின்ட் நெமோ’ என்னும் இடத்தையும் கடந்தது. அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் மிக அருகிலுள்ள நிலம் ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் அவ்வழியே தலைக்குமேல் செல்லும் வேளையில், அதிலுள்ளவர்களே மிக அருகிலுள்ள மனிதர்கள்.

நாளிதழ்கள் இத்தகைய பயணத்தில் புயலையும் பேரலையையும் காட்டுகின்றன. எங்கள் கருத்தைக் கவர்ந்தவை அவை அல்ல. புயல் வராத நாள்களில் அப்படகில் என்ன நடக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியமாகத் தோன்றியது. எட்டு மாதப் பயணத்தில் பெரும்பாலான நாள்கள் அத்தகையவையே.

ஒரு நாளின் கணக்கு

இருவர் செல்லும் சிறு படகில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்குவார். மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். இரவு பகல் என்ற வேறுபாடு இதற்கில்லை. ஆகவே ஒரே படகில் வாரக்கணக்கில் வாழும் இருவர், உண்மையில் ஒருவரையொருவர் பார்ப்பது முறை மாறும் சில நிமிடங்களிலும், சேர்ந்துண்ணும் ஒரு வேளையிலும் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் ஒருவருக்கு மற்றவர், துணித்தடுப்புக் கட்டிய படுக்கையில் உருண்டு விழாமல் உறங்கும் ஓர் உருவம்தான்.

அடுப்பு, படகின் ஆட்டத்துக்கேற்பத் தானும் ஆடி, பாத்திரத்தைச் சமநிலையில் வைத்திருக்கும்படி தொங்கவிடப்பட்டிருக்கும். மூடி இறுகும் பிரஷர் குக்கர் அங்கே பெரும் துணை. சரிந்தாலும் கொதிநீர் மேலே கொட்டாது. முதல் வாரத்தில் கீரையும் தக்காளியும் தீரும். பிறகு முட்டைக்கோஸ், அதன்பின் உருளைக்கிழங்கும் வெங்காயமும். கழுவாத முட்டைகளைச் சில நாள்களுக்கு ஒருமுறை புரட்டிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பச்சைக்கறி தீர்ந்தபின் முளைகட்டிய பயறுதான் பசுமை. பாத்திரங்களைக் கடல்நீரில் துலக்கி, கடைசியாக ஒரு கை நன்னீர் விடுவர். உப்பில் நனைந்த துணி முழுமையாக உலர்வதில்லை. காற்றின் ஈரத்தை அது மீண்டும் இழுத்துக்கொள்ளும்.

குடிநீர்க் கணக்கு எங்கள் தொழிலுக்கு மிக நெருங்கியது. இருவர், 30 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் எனில் 180 லிட்டர். காற்று வீசாமல் பயணம் நீளக்கூடும் என்பதற்காக அதில் பாதியைக் கூட்டினால் 270 லிட்டர். கடல்நீரை நன்னீராக்கும் கருவி படகில் இருக்கலாம். ஆயினும் அது இல்லை என்றே கொண்டு கணக்கிடுவதுதான் அனுபவமுள்ளோர் வழக்கம். கருவி ஓடும் நாள் கூடுதல் வரவு. பழுதாகும் நாளில் இழப்பு ஒன்றும் இல்லை. நீரை ஒரே தொட்டியில் வைக்காமல் தனித்தனிக் கலன்களில் பிரித்துவைப்பதும் இதே முன்யோசனைதான். ஒன்று கெட்டால் மற்றது காக்கும்.

காலையில் விழித்திருப்பவர் செய்யும் முதல் வேலை மேல்தளத்தைச் சுற்றிவருவது. இடுப்புக் கச்சையின் கொக்கியைப் படகில் மாட்டிக்கொண்டு, கயிறு கயிறாகத் தடவிப் பார்ப்பார். நள்ளிரவில் தளத்தில் விழுந்து கிடக்கும் பறவைமீன்களை அகற்றுவார். கயிறுகளை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் உரசல். எட்டு வினாடிக்கு ஓர் அலை எனக் கொண்டாலும் ஒரு நாளில் படகு பத்தாயிரம் முறைக்குமேல் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு கயிறு ஒரே இடத்தில் நூலிழை அளவு தேய்ந்தாலும், சில நாள்களில் அது அறுந்துவிடும். புயலில் அறும் கயிறு, பெரும்பாலும் அமைதியான நாள்களில் தேய்ந்த கயிறே.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வேலை மணிக்கொருமுறை நடக்கிறது. மேசைமேல் இருக்கும் பதிவேட்டில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, படகு செல்லும் திசை, வேகம், காற்றின் திசையும் வலிமையும், காற்றழுத்தம், மின்கலத்தின் அளவு ஆகியவற்றை எழுதுகிறார்கள். முந்தைய மணிக்கும் இந்த மணிக்கும் எதுவும் மாறாவிட்டாலும் எழுதுகிறார்கள். செயற்கைக்கோள் கருவி இருப்பிடத்தை எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்கும் காலத்திலும் எழுதுகிறார்கள்.

கருவி நின்றுபோகலாம் என்பது இதற்கு ஒரு காரணம். கடைசி வரி ஒரு மணிக்கு முந்தையதானால், படகு அவ்விடத்திலிருந்து ஆறேழு கடல் மைலுக்குள் இருக்கிறது. கடைசி வரி ஒரு நாளுக்கு முந்தையதானால், தேட வேண்டிய தொலைவு நூற்றைம்பது மைல். மற்றொரு காரணம், எங்கள் கருத்தில் இதைவிடப் பெரியது. அப்பதிவேடு எழுதுபவருக்காக எழுதப்படுவதன்று. எழுதுபவருக்கு நிலைமை தெரியும். உறங்குபவருக்காகவே அது எழுதப்படுகிறது. விழித்திருப்பவர் ஓர் அலையால் தூக்கி எறியப்பட்டால், நோயுற்று விழுந்தால், உறக்கத்திலிருந்து எழுந்து வருபவர் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து, நாம் எங்கே இருக்கிறோம், எத்திசையில் செல்கிறோம், கையில் என்ன மிச்சமிருக்கிறது என அறிந்துகொள்ள முடியவேண்டும்.

முறை மாறும்போது எழுத்துக்குமேல் பேச்சும் உண்டு. ‘பாயைக் குறுக்கியிருக்கிறேன், இடப்பக்கம் ஒரு கப்பல் விளக்குத் தெரிந்தது, சுக்கானருகில் புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது’ எனச் சொல்லி ஒப்படைக்கிறார்கள். அந்தச் சில நிமிடப் பேச்சும் அந்த ஒரு பக்க எழுத்தும் இருப்பதால்தான் மற்றவர் போய் நிம்மதியாக உறங்குகிறார்.

வங்கிக் கிளையில் பணியாற்றுவோருக்கு இது புதிதன்று. காப்பறைக்கு இரட்டைச் சாவி; ஒன்று ஒருவரிடம், மற்றது வேறொருவரிடம். விடுப்பில் செல்பவர் இருப்பை எண்ணி, ஏட்டில் எழுதி, இருவர் கையெழுத்திட்டே சாவியை மாற்றவேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அன்று மாலை எவரும் வீடு செல்வதில்லை.

இரண்டு படகுகள்

பதிவேட்டின் மதிப்பை எங்களுக்கு உணர்த்தியது 1968இல் நடந்த ஒரு போட்டி. தனியாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்ற வேண்டும் என்பது அதன் விதி. இங்கிலாந்தின் ‘சண்டே டைம்ஸ்’ இதழ் நடத்தியது. மிகக் குறைந்த காலத்தில் சுற்றி முடிப்பவருக்கு 5,000 பவுண்டு பரிசு. புறப்பட்டோர் ஒன்பது பேர், முடித்தவர் ஒருவரே. அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 1968 ஜூன் 14இல் புறப்பட்டு 1969 ஏப்ரல் 22இல், 312 நாள்களுக்குப்பின், திரும்பினார். வழியில் தொட்டியிலிருந்த குடிநீர் கெட்டது. மழைநீரைப் பிடித்து வாழ்ந்தார். வானொலி பழுதானது, பல மாதங்கள் அவரைப் பற்றி உலகுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் தாம் எங்கிருக்கிறோம் என்பதை அவர் தவறாமல் கணக்கிட்டு வந்தார்.

அதே போட்டியில் 1968 அக்டோபர் 31இல் கடைசி நாளன்று புறப்பட்டவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவிகள் செய்யும் சிறு தொழிலதிபர். நான்கு குழந்தைகளின் தந்தை. படகு கட்டும் செலவுக்காகத் தொழிலும் வீடும் ஈடாயின. பயணத்தைப் பாதியில் கைவிட்டால் அக்கடன் அவர் தலையில் விழும். சில வாரங்களிலேயே படகில் நீர் புகுந்தது. தென்பெருங்கடலுக்குச் சென்றால் படகு தாங்காது. திரும்பினால் குடும்பம் தாங்காது. அவர் அட்லாண்டிக்கிலேயே நின்றுவிட்டு, உண்மையான இருப்பிடத்தை ஓர் ஏட்டில் குறித்துக்கொண்டே, தாம் செல்லாத கடல்களின் இருப்பிடங்களைக் கணக்கிட்டு வானொலியில் அறிவித்தார். பொய்க் கணக்கை மெய்போல் எழுதுவது மெய்க் கணக்கைவிடக் கடினம் என்பதைத் தணிக்கைப் பணி செய்தோர் அறிவர். 1969 ஜூலை 10இல் அவர் படகு கடலில் ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்டது. பதிவேடுகள் உள்ளே இருந்தன. வீட்டில் வெற்றிக்காகக் காத்திருந்த மனைவிக்கு, அவற்றைப் பிறர் படித்தபிறகே உண்மை தெரியவந்தது.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தாம் வென்ற 5,000 பவுண்டையும் அக்குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

இதை ஒருவருடைய குற்றக் கதையாக நாங்கள் படிப்பதில்லை. கடன் பிரிவில் அமர்ந்திருந்த எவருக்கும் இத்தகைய மனிதரைத் தெரியும். தவணை மூன்று தவறியபின்னும் வீட்டில் ‘எல்லாம் நன்றாகப் போகிறது’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர். நினைவூட்டுக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பவேண்டாம் எனக் கேட்டுக்கொள்பவர். அவர்களில் பெரும்பாலோர் வஞ்சகர் அல்லர். குடும்பத்தைக் கலங்கவைக்கக் கூடாது என்ற அன்பே அவர்களைப் பேசவிடாமல் தடுக்கிறது.

எங்கள் கையெழுத்து

இனி எங்கள் தவறு. சில ஆண்டுகளுக்குமுன், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களுடன் எங்கள் கிளைக்கு வந்தார். கணவர் மாரடைப்பால் மறைந்து இருபது நாள் ஆகியிருந்தது. எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, வைப்பு எவ்வளவு, கடன் உண்டா என்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் கணவரின் கைபேசியில் இருந்தது. கைபேசி அவர் விரல்ரேகையால் மட்டுமே திறக்கும். பையில் மூன்று வங்கிகளின் பழைய புத்தகங்கள், காலாவதியான ஒரு காப்பீட்டு ரசீது, அவர் அறிந்திராத ஒரு தனிநபர்க் கடனின் கடிதம்.

எங்கள் கிளையில் கணவர் பெயரில் கணிசமான வைப்புத்தொகை இருந்தது. கணக்குத் தொடங்கிய படிவத்தைத் தேடி எடுத்தோம். வாரிசு நியமனம் என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. கீழே அதைச் சரிபார்த்த அதிகாரியின் கையெழுத்து. அது எங்கள் கையெழுத்து. கூட்டம் மிகுந்த ஒரு நாளில், ‘பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று அவர் சொல்லியிருப்பார், நாங்களும் தலையசைத்திருப்போம். அந்நாள் எங்கள் நினைவில் இல்லை.

வாரிசுச் சான்றும் பிற ஆவணங்களும் சேர்ந்து பணம் அவர் கைக்குச் செல்ல ஏழு மாதங்கள் ஆயின. அதற்கிடையில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக, அவர் எங்கள் கிளையிலேயே தம் வளையல்களை அடகு வைத்தார். அவர் கணவரின் பணம் எங்கள் ஏட்டில் கிடக்க, அவரிடம் நாங்கள் நகைக்கடனுக்கு வட்டி வாங்கினோம். விதிப்படி எல்லாம் சரி. அவ்வட்டிச் சீட்டில் கையெழுத்திட்டபோது எங்கள் கை கூசியது உண்மை. கணவரைப் பற்றி அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. “அவர் எதையும் மறைக்கவில்லை. சொல்வதற்கு ஒரு நாள் வரும் என்று இருவருமே இருந்துவிட்டோம்” என்றார்.

படகில் அப்படி ‘ஒரு நாள்’ என்று விடுவதில்லை. அடுத்த மணியிலேயே எழுதிவிடுகிறார்கள்.

சேமியுங்கள் என்று வங்கிகள் ஓயாமல் சொல்கின்றன, அதில் தவறில்லை. ஆனால் தொட்டி நிறைய நீர் இருந்தும், தொட்டி எங்கே என்று மற்றவருக்குத் தெரியாவிட்டால் பயனில்லை. ஒரு குடும்பத்தின் பாதுகாப்பை அளக்க, சேமிப்பு எவ்வளவு என்று கேட்பதற்குமுன் அது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கவேண்டும் என்பதே எங்கள் துணிபு.

இதற்கு மறுப்புகள் உண்டு. ‘அவளுக்கு இதெல்லாம் புரியாது’ என்பது ஒன்று. இருவர் செல்லும் படகில் இவ்வாக்கியத்துக்கு இடமில்லை. இருவரில் எவரும் தனியாகப் படகைக் கரைசேர்க்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். புரியவில்லையெனில் ஒரு மாதம் மின்கட்டணம், தவணை, பள்ளிக்கட்டணம் அனைத்தையும் அவரையே செலுத்தச் செய்யுங்கள், புரிந்துவிடும். கணக்கை மனைவி பார்த்துக் கணவர் ஏதும் அறியாத வீடுகளுக்கும் இதே சொல் பொருந்தும். எழுதிவைத்தால் திருடர் கையில் சிக்காதா என்பது மற்றொரு மறுப்பு. கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் எழுதவே கூடாது. நாங்களும் அவற்றைக் கேட்கமாட்டோம். எழுதவேண்டியது இருப்பிடம் மட்டுமே: எந்த வங்கி, எந்தக் கிளை, எவ்வகைக் கணக்கு, எந்நாளில் முதிர்வு, யாருக்கு எவ்வளவு தரவேண்டும், காப்பீட்டு ஆவணமும் பெட்டகச் சாவியும் எங்கே.

அந்த ஏட்டை மாதத்துக்கு ஒருமுறை இருவரும் அமர்ந்து படிக்க அரைமணி போதும். தேய்ந்த கயிறும் அப்போதுதான் கண்ணில் படும்: பயன்படுத்தாத சேவைக்கு மாதந்தோறும் கழியும் தொகை, முதிர்ந்தும் கவனிக்கப்படாத வைப்பு, கைமாற்றாகக் கொடுத்து மறந்த பணம். கணவன் மனைவி பெயரில், எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர் என்ற முறையில் கூட்டுக் கணக்கு வைப்பது நன்று. வாரிசு நியமனத்தையும் நிரப்புங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கச் சட்டம் இடமளிக்கிறது. நியமனம் பெற்றவர் பணத்தைச் சட்டப்படியான வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவரே என்பதையும் மறவாதீர்கள். உடைமை யாருக்கு என்பதை உயில்தான் தெளிவாக்கும். பத்தாண்டுகள் தொடப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குச் செல்கின்றன. பின்னரும் அவற்றைக் கேட்டுப் பெறலாம். ‘உத்கம்’ என்னும் இணையதளத்தில் தேடவும் வழியுண்டு. ஆனால் தேடவேண்டும் என்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்?

எங்கள் சக அலுவலர்களுக்கும் ஒரு சொல். நியமனக் கட்டத்தில் குறுக்குக் கோட்டைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்த்து, ‘உங்கள் வீட்டில் இது யாருக்குத் தெரியும்?’ என்று ஒருமுறை கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாததன் விலையை எங்களுக்காக வேறொருவர் ஏழு மாதம் கொடுத்தார்.

வாசகரே, இந்த இதழை மூடியதும் குழந்தையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் இன்றைய தேதியை இடுங்கள். இருப்பதையும் தரவேண்டியதையும் ஒரு பக்கத்தில் எழுதி, இன்றிரவு உறங்குமுன் மற்றவரிடம் படித்துக் காட்டுங்கள். நாளை காலை எங்கள் கிளைக்கு வரும்போது இருவருமாக வாருங்கள். படிவம் மேசையில் தயாராக இருக்கும்.